இந்தியாவில் மனநலப் பணியாளர்களின் சக கற்றல் வரலாறு

மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர், ஆலோசகர் ஆகியோர் தமக்குள் கூடி, தாம் சந்திக்கும் சிக்கல்களைப் பேசி, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது சக கற்றல் எனப்படும். இதில் இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று அறிவு வளர்தல். மற்றொன்று மனச்சுமை குறைதல். நாள்தோறும் பிறர் துயரத்தைக் கேட்பவருக்கும் தம்மைக் கேட்க ஒருவர் தேவை. இந்தியாவில் இந்தத் துறையினர் எண்ணிக்கையில் மிகக் குறைவு. எனவே இங்கு சக கற்றல் என்பது வசதி அன்று, தேவை.

தனித்திருந்த காலம்

சென்னையில் மனநோயாளருக்கான காப்பகம் 1794-ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கானலியின் பொறுப்பில் தொடங்கியது. கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்தில் காப்பகம் 1871-இல் திறக்கப்பட்டது. அதுவே பின்னர் அரசு மனநல மருத்துவமனையாகவும், மனநலக் கழகமாகவும் வளர்ந்தது. அக்காலக் காப்பகங்கள் நோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்தன. மருத்துவர்களும் பிற மருத்துவத் துறைகளிலிருந்து விலகியே இருந்தனர். ஓர் ஊரின் காப்பகத்தில் கிடைத்த அனுபவம் அடுத்த ஊரின் காப்பகத்தை எட்ட நிலையான வழி இல்லை.

சங்கமும் இதழும்

1939-இல் மருத்துவர் பனாரசி தாஸின் முயற்சியால், பிரித்தானியாவின் அரச மருத்துவ உளவியல் சங்கத்திற்கு இந்தியப் பிரிவு ஒன்று அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், நாட்டுக்கெனத் தனிச் சங்கம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. நாகேந்திரநாத் தே, ஆர். பி. டேவிஸ் ஆகியோர் அதற்கு முன்னின்றனர். 1947 ஜனவரியில், டெல்லியில் இந்திய அறிவியல் மாநாடு நடந்த வேளையில், இந்திய மனநல மருத்துவச் சங்கம் உருவானது. சங்கத்தின் இதழ் 1949-இல் தொடங்கி, 1958-இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி' என்று பெயர் மாறியது. இன்றும் வெளிவருகிறது.

விடுதலையை ஒட்டிய அக்காலத்தில் நாடு முழுவதற்கும் மனநல மருத்துவமனைகளில் சுமார் 10,000 படுக்கைகளே இருந்தன. 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1974-இல் அது தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) ஆனது. உள்நாட்டிலேயே பயிற்சி பெற்ற தலைமுறை ஒன்று உருவாக இது வழி செய்தது.

பாலின்ட் குழுக்கள்

மாநாடும் இதழும் அறிவைப் பரப்பின. ஆனால் "இந்த நோயாளி வந்தாலே எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது?" என்ற கேள்வியை மாநாட்டு மேடையில் கேட்க முடியாது. அதற்கொரு முறையை லண்டனின் டாவிஸ்டாக் மருத்துவமனையில் மைக்கேல் பாலின்ட், ஈனிட் பாலின்ட் இருவரும் 1950-களில் வகுத்தனர். சில மருத்துவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் கூடுவர். ஒருவர் தம்மை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். மற்றவர்கள் மருந்தைப் பற்றிப் பேசாமல், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசுவர். இம்முறையை விளக்கும் பாலின்டின் நூல் 1957-இல் வெளிவந்தது. இத்தகைய குழுக்கள் பின்னர் பல நாடுகளுக்குப் பரவின.

இதே காலத்தில், 1953-இல், லண்டனில் சாட் வரா தொடங்கிய 'சமாரிட்டன்ஸ்' அமைப்பும் ஒரு நல்ல வழக்கத்தை உருவாக்கியது. தற்கொலை எண்ணத்துடன் அழைப்பவரிடம் பேசிய தன்னார்வலர், தம் பணிநேரம் முடிந்ததும் பொறுப்பாளரிடம் மனம்விட்டுப் பேசிய பிறகே வீடு திரும்புவார். சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையமும் தன்னார்வலர் வழியே செவிகொடுக்கும் இந்த மரபைச் சேர்ந்தது.

சென்னையின் பங்கு

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றிய சாரதா மேனன், 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். அண்ணா நகரில் இயங்கும் இந்நிறுவனம் சிகிச்சையோடு பயிற்சியும் ஆய்வும் நடத்துகிறது. மேற்குச் சென்னையின் முகப்பேரில், வீடற்ற மனநோயுற்ற பெண்களுக்காக வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் இருவரும் 1993-இல் 'பான்யன்' அமைப்பைத் தொடங்கினர். தெருவிலும் காப்பகத்திலும் பெற்ற அனுபவத்தைப் புதியவர்களுக்குக் கற்பிக்க, 2007-இல் இவ்வமைப்பின் கல்விப் பிரிவு உருவானது.

தொலைவு குறைந்தபோது

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி தரப்பட்டது. ஆனால் பயிற்சி முடிந்து ஊர் திரும்பியவருக்கு ஐயம் வந்தால் யாரைக் கேட்பது?

இதற்கான விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், இந்தியாவில் பிறந்த கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா, 2003-இல் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். சிற்றூர் மருத்துவர்கள் காணொளி வழியே வல்லுநர் குழுவோடு கூடுவர். முதலில் சிறு விளக்கம். பிறகு ஒருவர் தம் நோயாளியின் நிலையை, பெயர் சொல்லாமல், எடுத்துரைப்பார். அனைவரும் கருத்துச் சொல்வர். இதை ஏற்று நிம்ஹான்ஸ் தன் மெய்நிகர் அறிவு வலையமைப்பை அமைத்தது. சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களின் மருத்துவர்கள் இதன்வழி பயிற்சி பெற்றனர். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' (எண் 14416) சேவையிலும், மாநில மையங்களுக்கு 23 நிறுவனங்கள் வழிகாட்டும் அமைப்பு உள்ளது.

இரகசியக் காப்பு

சக கற்றலில் மீறக் கூடாத எல்லை ஒன்றுண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு, நோயாளியின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை அவரது உரிமையாக்குகிறது. பெயரை மட்டும் மறைத்தால் போதாது. சிறிய ஊரில் தொழிலும் தெருவும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியே பேச வேண்டும். கூட்டத்தில் கேட்டது கூட்டத்தோடு நிற்க வேண்டும்.

இன்றைய தேவை

2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினர் மனநலக் குறைபாட்டோடு வாழ்கின்றனர். மனநல மருத்துவர்களோ ஒரு லட்சம் பேருக்கு சுமார் 0.75 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. நெமிலிச்சேரி, ஆவடி, பூந்தமல்லி போன்ற புறநகர்களில் பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ ஒற்றை ஆளாகப் பணியாற்றும் ஆலோசகருக்கு, கீழ்ப்பாக்கம் தொலைவில் இல்லை. ஆனால் பக்கத்து அறையில் பேச ஒரு சகபணியாளர் இல்லை. 1939-இல் ஒரு சிலர் கூடத் தொடங்கியதும் இந்தக் குறையை நீக்கவே.