ஈட்டின் அளவுகோல்: சேலம், நாமக்கல் சமவெளியில் வாரண்டியும் வன்தட்டும்

பழுதான பொருளைக் கொடுத்து அதற்கு ஈடாக வேறொன்றைப் பெறும் வழக்கம் சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கணினியோடு வந்ததன்று. சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுத் தொழிலில் அறுந்த கொலுசும் தேய்ந்த கொலுசும் மீண்டும் கடைக்கே வந்து சேர்கின்றன. அங்கே எடையைப் பார்த்து, வெள்ளியின் தூய்மையைக் குறிக்கும் ‘டச்’சைக் கணித்து, சேதாரத்தையும் செய்கூலியையும் பேசி முடித்த பின் புதுக் கொலுசு கைமாறுகிறது. உருக்கும்போது அழிவது வேலைப்பாடு மட்டுமே. அதற்கான கூலியை மீண்டும் கொடுக்க வேண்டும் என்பதை இரு தரப்பும் முன்பே அறிந்திருப்பதாலும், உலோகத்தின் மதிப்பு தராசில் கண்ணெதிரே நிற்பதாலும், இந்தக் கொடுக்கல் வாங்கலில் எழுத்து மூலமான உத்தரவாதத்துக்குப் பெரிய இடம் இருந்ததில்லை.

லாரித் தொழில் இதைவிடச் சிக்கலான ஒரு முறையைப் பழக்கியது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு, இயந்திரமும் சட்டமும் சக்கரங்களும் மட்டும் கொண்ட சேசிஸாக வண்டி வந்து, மரமும் இரும்பும் பொருத்தப்பட்டு முழு லாரியாக வெளியேறுகிறது. ஆகவே ஒரே வண்டியில் இயந்திரத்துக்குத் தயாரிப்பு நிறுவனமும், டயருக்கு டயர் நிறுவனமும், பாடிக்குப் பட்டறைக்காரரின் வாய்ச்சொல்லும் எனப் பொறுப்பு பல கூறுகளாகப் பிரிந்து நிற்கிறது. இவற்றுள் வரலாற்று நோக்கில் மிகவும் கவனிக்கத்தக்கது டயர் ‘கிளைம்’ என்னும் வழக்கம். உற்பத்திக் குறையால் வெடித்ததாகவோ உப்பியதாகவோ கருதப்படும் டயரை விற்பனையாளரிடம் ஒப்படைத்தால், நிறுவனத்தின் ஆய்வாளர் குறை யாருடையது என்று பார்த்து, ஓட்டத்தில் தேயாமல் மிச்சமிருக்கும் ரப்பரின் ஆழத்தை அளந்து, அந்த விகிதத்துக்கு மட்டும் ஈடு வழங்கப் பரிந்துரைக்கிறார். வெள்ளிக்கு எடை அளவுகோலாக இருந்தது போல டயருக்கு ஆழம் அளவுகோலாயிற்று.

இந்த வழக்கங்களுக்கு மேலே சட்டத்தின் அடுக்கு ஒன்றும் படிந்தது. 1930 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பொருள் விற்பனைச் சட்டம், விற்பனை ஒப்பந்தத்தின் உயிரான ‘நிபந்தனை’யையும் அதற்குத் துணையான ‘வாரண்டி’யையும் வேறுபடுத்தியது. நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே மறுக்கலாம். வாரண்டி மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே கோரலாம். கடைத்தெருப் பேச்சில் கேரண்டி என்றும் வாரண்டி என்றும் மாறி மாறி வழங்கும் சொற்களுக்குப் பின்னால் இந்த நுட்பமான வேறுபாடு மறைந்து கிடக்கிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் குறையை நீக்கித் தருதல், குறையற்ற புதுப்பொருள் தருதல், விலையைத் திருப்பித் தருதல் ஆகியவற்றை மாவட்ட அளவிலேயே கேட்டுப் பெற வழி செய்தது. நாமக்கல் 1997 சனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. இன்று இரு மாவட்டங்களிலும் நுகர்வோர் குறைதீர் ஆணையங்கள் உள்ளன.

இத்தகைய மண்ணுக்குத்தான் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு வந்து சேர்ந்தது. 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டும் சுமார் 50 லட்சம் எழுத்துகளையே கொள்ளக்கூடியதாக இருந்தது. 1980இல் சீகேட் நிறுவனம் ஐந்தே கால் அங்குல அளவில் 5 மெகாபைட் வன்தட்டைக் கொண்டுவந்த பின்னரே அது மேசைக் கணினிக்குள் அடங்கியது. 1984 நவம்பரில் நடுவண் அரசு அறிவித்த கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியதும், பெங்களூரில் உருவான டேலி என்னும் கணக்கு மென்பொருள் பரவியதும், 2007 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தவை. லாரி புக்கிங் அலுவலகம், ஜவ்வரிசி ஆலை, முட்டை வணிகம், கொலுசுக் கடை ஆகியவற்றின் கணக்குகள் இவற்றின் விளைவாகப் பேரேட்டிலிருந்து தட்டுக்கு இடம்பெயர்ந்தன.

இடம்பெயர்ந்த கணக்கு எத்தகைய இடத்தில் போய் அமர்ந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வன்தட்டுக்குள் காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அவற்றின் மேற்பரப்பைத் தொடாமல், சுழற்சி எழுப்பும் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதந்தபடி ‘ஹெட்’ எனப்படும் முனை எழுதவும் படிக்கவும் செய்கிறது. அந்த இடைவெளி இன்று சில நானோமீட்டர் அளவே, ஒரு தூசித் துகளை விடப் பன்மடங்கு சிறியது. தட்டின் ஒரு பகுதி படிக்க இயலாததாகிவிட்டால் அது ‘பேட் செக்டர்’. முனை தன் இடத்தைக் கண்டறிய முடியாமல் திரும்பத் திரும்பத் தொடக்க நிலைக்கு ஓடும்போதுதான் பழுதுபார்ப்போர் அஞ்சும் அந்த ‘டக் டக்’ ஓசை எழுகிறது. வரவிருக்கும் பழுதை முன்னறிவிக்கும் பொருட்டு 1990களில் ‘ஸ்மார்ட்’ எனப்படும் தற்சோதனை முறை வன்தட்டுகளில் சேர்க்கப்பட்டது. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பழுதானவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை முதன்மையான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக் கூடக் காட்டாமலே செயலிழந்ததைக் காட்டியது. ஆகவே எச்சரிக்கை வரவில்லை என்பதை நலமென்று கொள்ள இயலாது.

மின்சாரத்துக்கும் இந்தச் சமவெளியில் இதில் பங்கு உண்டு. 2008 முதல் தமிழ்நாட்டில் நீடித்த மின்பற்றாக்குறை, சென்னைக்கு வெளியேயுள்ள மாவட்டங்களில் 2012இல் பல மணி நேர மின்வெட்டாக முற்றியது. மின்சாரம் திடீரென நின்றால் பழைய வன்தட்டுகளில் முனை தட்டின் மேலேயே இறங்கிவிடும் என்பதால், அணைக்கும் முன் அதை ஓரத்தில் நிறுத்தும் கட்டளையைத் தனியே கொடுக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தவை சுழற்சியில் மிச்சமுள்ள ஆற்றலைக் கொண்டே முனையை ஒதுக்கிக்கொண்டாலும், எழுதி முடியாமல் தற்காலிக நினைவகத்தில் இருந்த பதிவுகளை அவற்றாலும் காக்க இயலவில்லை. யுபிஎஸ் இல்லாத கடையில் அன்றைய கணக்கு பாதியில் சிதைவது இதனால்தான்.

வாரண்டிக் காலமும் வெகு தொலைவிலுள்ள காரணங்களால் ஏறி இறங்கியது. 2002 அக்டோபரில் சீகேட், மேக்ஸ்டார், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகிய மூன்று நிறுவனங்களும் மேசைக் கணினி வன்தட்டுகள் பலவற்றுக்கு மூன்றாண்டு வாரண்டியை ஓராண்டாகக் குறைத்தன. 2004இல் சீகேட் அதை ஐந்தாண்டாக உயர்த்தியது. 2011இன் தாய்லாந்து வெள்ளம் வன்தட்டு ஆலைகளை மூழ்கடித்து விலையை ஏற்றிய அதே பருவத்தில், அவ்வாண்டின் இறுதியில் காலம் மீண்டும் சுருங்கியது. அண்டைக் கடைகளில் ஒரே பெயரில் விற்கப்பட்ட இரு தட்டுகளுக்கு இருவேறு காலம் இருந்திருக்கக்கூடும். எது எவ்வளவு காலத்துக்கு உரியது என்பதைத் தட்டின் மேல் அச்சிட்ட வரிசை எண்ணே தீர்மானிக்கிறது.

இங்கேதான் பழைய வழக்கங்களிலிருந்து வன்தட்டு வாரண்டி அடியோடு விலகுகிறது. வெள்ளிக்கு எடையும் டயருக்கு ஆழமும் இருந்தன; வன்தட்டுக்கு வரிசை எண்ணும் தேதியும் மட்டுமே உண்டு. கடைக்காரர் பழுதானதை வாங்கி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப, வேறொருவர் திருப்பியனுப்பிச் சீர்செய்யப்பட்ட தட்டு அதற்கு மாற்றாக வருவதும், முதல் தட்டின் மிச்ச வாரண்டிக் காலமே அதற்கும் பொருந்துவதும் பொதுவான நடைமுறை. உள்ளே இருந்த பதிவுகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்பதில்லை. தகவலை மீட்க வேண்டுமானால் தூசியற்ற அறையில் தட்டைத் திறக்கும் தனி நிபுணரிடம் செல்ல வேண்டியிருக்கும். அவ்வாறு முத்திரையை உடைத்த தட்டுக்கு வாரண்டி மறுக்கப்படலாம். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை உத்தரவாதம் பெற்ற இந்தப் பொருளின் மீதுதான், ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பேண வேண்டும் என்னும் சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் கடமையும் 2017 சூலை 1 முதல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் முழுச் சுமையும் வணிகர் எடுத்து வைக்கும் பேக்கப் என்னும் நகலின் மீதே விழுந்தது. இது நியாயமான பங்கீடு அன்று.

மாற்றுத் தட்டு வேண்டுமானால் பழைய தட்டைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இந்த வழக்கத்தின் மற்றொரு முனை. வாடகைத் தொகையும் வாடிக்கையாளர் பெயர்களும் வரவு செலவும் பதிந்த ஒன்றை, செயலிழந்த நிலையிலும் வல்லவர் படித்துவிடக்கூடிய ஒன்றை, அறியாத கைகளுக்கு அனுப்ப மனமில்லாத வணிகர், வாரண்டி மிச்சமிருந்தும் கிளைம் கோராமல் புதியதை விலைக்கு வாங்குவதுண்டு. பழைய பேரேடுகள் அடுக்கிய இரும்புப் பெட்டியில், வரிசை எண் இன்னும் செல்லுபடியாகும் அந்தத் தட்டுக்கும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.