பதின்மூன்றாம் மாதம்: பிள்ளைத்தமிழுக்குள் இருக்கும் அம்மாவின் ஒரு நாள்

பிள்ளைத்தமிழ்னு சொன்னதும் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணின பட்டியல்தான் பலருக்கு ஞாபகம் வரும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. இந்த ஏழும் எல்லாக் குழந்தைக்கும் பொது. ஆண்பால் பிள்ளைத்தமிழ் என்றால் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண்பால் என்றால் அம்மானை, நீராடல், ஊசல். மொத்தம் பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. மார்க் வாங்கிட்டு மறந்துவிடுவோம்.

ஆனால் வரிசையும் எண்ணும் சேர்ந்து வந்தால் என்னை மாதிரி மென்பொருள்காரனுக்கு அது உடனே ஒரு டேபிளாகத்தான் தெரியும். அப்படி ஒரு சாயங்காலம் இந்தப் பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். பாட்டியல் நூல்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு மாதக் கணக்கு தருகின்றன. நூலுக்கு நூல் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்கள். 3 காப்பு, 5 செங்கீரை, 7 தால், 9 சப்பாணி, 11 முத்தம், 13 வருகை, 15 அம்புலி, இப்படிப் போகும்.

இதில் முதல் பிறந்தநாள் எங்கே வருகிறது? முத்தத்துக்கும் வருகைக்கும் நடுவில். அந்த நாளுக்கென்று தனியாக ஒரு பருவம் கிடையாது. இந்த அட்டவணை தேதியை எண்ணவில்லை, குழந்தை என்ன செய்கிறது என்பதை எண்ணுகிறது. தலையை நிமிர்த்தி ஆடுகிறதா, கை தட்டுகிறதா, கூப்பிட்டால் நடந்து வருகிறதா?

உலக சுகாதார நிறுவனம் 2006இல் குழந்தைகளின் உடல் அசைவுகள் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 800க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதியது. பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கும் வயது சராசரியாக 12.1 மாதம் என்று அதில் வருகிறது. சில பிள்ளைகள் 8 மாதத்திலேயே நடந்துவிடும், சில பிள்ளைகள் 17 மாதம் வரை எடுத்துக்கொள்ளும், இரண்டும் இயல்புதான். பாட்டியல்காரர்கள் 'வா வா' என்று கூப்பிடும் பருவத்தை 13ஆம் மாதத்தில் வைத்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்க. முன்னோர்கள் விஞ்ஞானத்தை அன்றே கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸப்பில் அனுப்ப இதைச் சொல்லவில்லை. குழந்தை நடப்பதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் தேவையில்லை, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

என் கேள்வி அந்தப் பக்கத்தில் இருந்த ஆளைப் பற்றியது. குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடிய ஒட்டக்கூத்தர், மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர், திருச்செந்தூர் பிள்ளைத்தமிழ் பாடிய பகழிக்கூத்தர் என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் ஆண்கள். ஆனால் பாட்டில் கூப்பிடுகிற குரல் தாயுடையது அல்லது செவிலியுடையது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி அன்றைக்கு முழுக்க என்ன செய்துகொண்டிருந்தாள்? நூல்கள் குழந்தையைத்தான் வர்ணிக்கின்றன. அதையே கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் அம்மாவின் வேலைப் பட்டியல் கிடைக்கிறது.

குளியல்

இதற்கு நல்ல சாட்சி பெரியாழ்வார். 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டிக்கொண்டிருந்தவர் யசோதையாக மாறிப் பாடினார். பிள்ளைத்தமிழ் தனி நூல் வகையாக வளர்வதற்கு முன்பே செங்கீரை, சப்பாணி, தளர்நடை எல்லாம் அவர் பாட்டில் வந்துவிட்டன. அத்தோடு நிற்காமல் வீட்டு வேலைக்கும் இறங்குகிறார். குளிப்பாட்ட ஒரு பதிகம், தலைவாரக் காக்கையைக் கூப்பிட ஒரு பதிகம், பூச்சூட்ட ஒன்று, காது குத்த ஒன்று.

குளியல் பதிகத்தில் அந்த அம்மா எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரமாகக் காத்திருக்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் புளி. பையன் புழுதியோடு ஓடுகிறான். குளித்தால் தருவதாகச் சொல்லி அப்பமும், பாலில் வெல்லம் கலந்த தின்பண்டமும் செய்து வைத்திருக்கிறாள். அதாவது குளிப்பாட்டும் வேலைக்கு முன்னால் ஒரு சமையல் வேலை, அதற்கு முன்னால் அடுப்பு மூட்டும் வேலை. பக்தியோடு படித்தாலும் சரி, வெறும் இலக்கியமாகப் படித்தாலும் சரி, அவள் காத்திருக்கும் நேரம் கண்ணில் படாமல் போகாது.

சோறு

ஒரு வயதுக் குழந்தை சாப்பிடும் அழகுக்குத் தமிழில் மிகப் புகழ்பெற்ற பாட்டு புறநானூறு 188. எழுதியவர் பாண்டியன் அறிவுடைநம்பி, ஒரு அரசன். குழந்தை குட்டி அடி வைத்து வருகிறது, கை நீட்டுகிறது, கலத்தில் கை வைக்கிறது, கவ்வுகிறது, துழாவுகிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. இப்படி மயக்கும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு வாழ்நாளில் பயனே இல்லை என்கிறான் பாண்டியன். சின்னக் கை துழாவிய கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்று 64ஆம் குறளும் சொல்கிறது.

ரெண்டும் உண்மைதான், பெற்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நெய்ப்பிசுக்கைக் கழுவியது யார் என்று புறநானூறு சொல்வதில்லை. பெரியாழ்வாரின் எண்ணெய் புளிப்பழ அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தினால்தான் படம் முழுமையாகிறது.

குழந்தை சோற்றுக்குப் பழகினாலும் பால் நின்றுவிடுவதில்லை. விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளையைப் பால் குடிக்கக் கூப்பிடவும் பெரியாழ்வார் ஒரு பதிகம் வைத்திருக்கிறார். 6 மாதத்துக்குப் பிறகு மற்ற உணவும், கூடவே 2 வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பாலும் என்று இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு வயதுக் குழந்தையின் அம்மாவுக்கு அப்படி ஒரே நேரத்தில் ரெண்டு சமையலறை. ஒன்று அவள் உடம்பிலேயே இருக்கிறது.

அடுத்து அம்புலி. பிள்ளைத்தமிழில் பாடக் கஷ்டமான பருவம் இதுதான் என்பார்கள். நிலாவை விளையாடக் கூப்பிட சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு உபாயத்தையும் கவிஞர் பயன்படுத்த வேண்டும். நீயும் இவனும் ஒன்று என்று புகழ்வது, இவன் உன்னைவிடப் பெரியவன் என்று வேற்றுமை காட்டுவது, வந்தால் இன்னது கிடைக்கும் என்பது, வராவிட்டால் பார் என்று மிரட்டுவது. ராஜதந்திரத்தில் வரும் நான்கு உத்தி. மொட்டை மாடியில் கிண்ணத்தோடு நிற்கும் எந்த அம்மாவைக் கேட்டாலும் இந்த நான்கையும் ஒரே வாய் பருப்புச் சோற்றுக்குள் செய்து காட்டுவாள்.

நடை

வருகைப் பருவம் வந்ததும் அம்மாவின் வேலையே மாறிவிடுகிறது. அதுவரை குழந்தை போட்ட இடத்தில் கிடந்தது, தூக்கினால் வந்தது. இனிமேல் தூக்கினால் திமிறும், இறக்கிவிட்டால் ஓடும். 'வருக வருக' என்று பத்துப் பாட்டு பாடுவதை ரொம்ப நாள் கவிதை அலங்காரமாகவே வாசித்திருக்கிறோம். என் கணக்கில் அது வேலையின் விவரம். ஒரு நாளில் அந்த அம்மா அதிகமாகச் சொன்ன சொல் 'வா'வாகத்தான் இருந்திருக்கும்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. உணவுப்பொருள் காய்கிறது, தின்ன வந்த கோழியைப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் கனமான நகை, சிறுவர்கள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறித்துக் கிடக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த காட்சி இது. எனக்கு அதில் காவலும் தெரிகிறது. ஒரு கண் காயப்போட்டதன் மேல், ஒரு கண் கோழி மேல், பக்கத்திலேயே வண்டி உருட்டும் பிள்ளைகள்.

பயம்

பொழுது சாய்ந்தால் பெரியாழ்வாரின் அம்மா காப்பிடக் கூப்பிடுகிறாள். பிள்ளைத்தமிழின் முதல் பருவமும் காப்புதான். தெய்வங்களை எல்லாம் வரிசையாக அழைத்து இந்தப் பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்பது. சங்க காலத்தில் குழந்தை கழுத்தில் ஐம்படைத்தாலி கட்டினார்கள். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்று திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சின்னதாகச் செய்து கோத்தது. தலையாலங்கானத்துப் போர்க்களத்தில் நின்ற பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு சின்னப் பையன் என்று சொல்ல வந்த புலவர், அவன் இன்னும் தாலியைக் கழற்றவில்லை, பால் விட்டு இன்றைக்குத்தான் சோறு உண்டான் என்கிறார். புறநானூறு 77.

வசம்புக்குப் பிள்ளை மருந்து என்றும், பேர் சொல்லா மருந்து என்றும் பெயர் உண்டு. வீட்டில் எப்போதும் இருக்கும் பொருளின் பேரைக்கூடச் சொல்லப் பயப்பட்டார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 200 குழந்தைகள் முதல் வருடத்தைத் தாண்டவில்லை. 1971இல்கூட அந்த எண் 129. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் இந்தியாவுக்கு 28, தமிழ்நாட்டுக்கு 13. நூறு வருடம் முன்னால் தெருவில் ஐந்து வீட்டில் குழந்தை பிறந்தால் ஒரு வீட்டில் ஆண்டு நிறைவு நடக்காது என்று பொருள்.

பிள்ளைத்தமிழில் அந்த நாளுக்குப் பருவம் இல்லாவிட்டாலும் வழக்கத்தில் அதற்கு இடம் இருந்தது. ஜென்ம நட்சத்திரத்தில் ஆண்டு நிறைவு, குலதெய்வம் கோயிலில் மொட்டை, தாய்மாமன் மடியில் காதுகுத்து. கேக்கும் மெழுகுவத்தியும் பின்னால் வந்தவை. அந்தச் சடங்குகளை விழா என்று மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை. கண்டம் தாண்டிவிட்டோம் என்று ஒரு குடும்பம் மூச்சு விடும் இடம் அது. அந்த மூச்சைப் பன்னிரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தவள் அம்மா.

தூக்கம், அதற்கப்புறம்

தால் என்றால் நாக்கு. நாக்கை அசைத்துப் பாடுவது தாலாட்டு. பிள்ளைத்தமிழ் வீட்டில் பொன் தொட்டில் உண்டு, செவிலி உண்டு. ஏனென்றால் அங்கே குழந்தை அரசன் அல்லது தெய்வம். வயல் வரப்பு மரத்தில் சேலைத் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு நாற்று நட்ட அம்மாவை அந்த நூல்களில் தேடினால் கிடைக்க மாட்டாள். அவள் வாய்மொழித் தாலாட்டுகளில்தான் இருக்கிறாள். அண்ணன் சீரையும், புருஷன் மேல் உள்ள குறையையும், உடம்பு அசதியையும் தூங்குகிற குழந்தையிடம் சொல்லிக்கொண்டு. வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அவள் சொன்ன இடம் அது.

இந்தக் கணக்கை இன்றைக்கு அரசாங்கமே எடுக்கிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்ளும் சம்பளமில்லாத வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 27.6 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம். ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவழித்தது 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். சமையல், துவைத்தல் எல்லாம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. அதில் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97.

விடுப்பும் அப்படித்தான். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 12 வாரம் தந்தது. 2017இல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆனது. பிரசவத்துக்கு முன் விடுப்பே எடுக்காத அம்மாகூட, செங்கீரை பார்த்துவிட்டுச் சப்பாணிக்கு முன் வேலைக்குத் திரும்பிவிடுவாள். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் தருகிறது. அந்த விடுப்பு முடியும் இடம் ஏறக்குறைய வருகைப் பருவம் தொடங்கும் இடம். குழந்தை நடந்து வரும் மாதத்தில் அம்மா நடந்து போகிறாள். நான் வேலை பார்க்கும் துறையில் மீட்டிங் நடுவே போனில் காப்பகத்துக் கேமராவை ஒரு நொடி பார்த்துவிட்டுக் குனியும் தோழிகளைப் பார்த்திருக்கிறேன். அதே போனில் அப்பாக்கள் பார்ப்பது குறைவு, நானும் அப்பாதான்.

பாட்டியல் இலக்கணம் எழுதியவர்கள் மாதம் சொன்னார்கள், கவிஞர்கள் சந்தம் போட்டார்கள். ஆனால் ஐந்தில் நிமிரும், ஒன்பதில் தட்டும், பதின்மூன்றில் வரும் என்று முதலில் கவனித்து வைத்தவர்கள் பேர் எழுதாத அம்மாக்களும் ஆயாக்களும். நூறு பாட்டுக்கு வேண்டிய தரவை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். உங்க வீட்டில் அந்தத் தலைமுறை ஆள் யாராவது இருந்தால், 'நான் ஒரு வயசுல எப்படி இருந்தேன்' என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. 'அப்ப உனக்கு ஒரு நாள் எப்படிப் போச்சு'ன்னும் கேட்டு எழுதி வையுங்க. குழந்தையைப் பற்றி நம்மிடம் நிறைய பாட்டு இருக்கிறது. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் குறைவு.