சங்கிலியின் பெயரும் இடத்தின் எண்ணும்



தென்னூரில் ஓர் இல்லத்தைத் தேடிச் செல்பவர்க்குக் கதவெண் மட்டும் தெரிந்தால் போதாது. தெருவின் பெயரும் தெரிதல் வேண்டும். அவ்வெண் பழையதா, புதியதா என்பதும் தெளிவாதல் வேண்டும். புரதங்களை ஆராயும் விஞ்ஞானிகளுக்கும் இத்தேவை நேர்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோக்கப்பட்ட சங்கிலியாகும். குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினில் இத்தகைய சங்கிலிகள் நான்கு உண்டு. ஆல்ஃபா சங்கிலிகள் இரண்டிலும் 141 அமிலங்களும், பீட்டா சங்கிலிகள் இரண்டிலும் 146 அமிலங்களும் உள்ளன.

1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள், சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் பரம்பரைப் பண்பு நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இருப்பதை அறிவித்தனர். அந்நோய் கொண்டோரின் ஹீமோகுளோபினில் குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் அமர்ந்திருப்பதைக் கேம்பிரிட்ஜில் இங்கிராம் 1957-இல் காட்டினார். அது பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடம் என்பது பின்னர் உறுதியாயிற்று.

'6-ஆம் இடம்' என்று மட்டும் கூறின் என்னாகும்? ஆல்ஃபா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் இருப்பது ஆஸ்பார்ட்டிக் அமிலம். ஆகவே சங்கிலியின் பெயர் இன்றியமையாதது. இன்னுமொரு சிக்கலும் உண்டு. மரபணுவின்படி எண்ணுவோர், சங்கிலி உருவாகும்போதே நீக்கப்படும் முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவர்; அவர்களுக்கு அதே இடம் 7 ஆகும். அந்த 7-ஐ மற்றக் கணக்கில் தேடுபவர் அடுத்த அமிலத்தை அடைவார். அதுவும் குளுட்டாமிக் அமிலமே! ஆதலின் பிழை எளிதில் புலப்படாது.

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் புரத அமைப்புக் களஞ்சியம் தொடங்கப்பெற்றது. துளையட்டைகளுக்கு ஏற்ப 80 எழுத்திடங்கள் கொண்ட வரி வகுக்கப்பட்டது. அதில் சங்கிலியின் பெயருக்கு ஓரிடமும், அமிலத்தின் எண்ணுக்கு நான்கு இடங்களும் கிடைத்தன. ஹீமோகுளோபினுக்கு ஏ, பி, சி, டி என்னும் நான்கு எழுத்துக்கள் போதுமாயின. ஆனால் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற ரைபோசோம் போன்ற பெருஞ்சேர்க்கைகளில் சங்கிலிகள் மிகப் பல. அவற்றுட் பெரியவற்றிற்கு எழுத்துக்கள் போதாமல், ஒரே அமைப்பைப் பல கோப்புகளாகப் பிரித்து வைக்க நேர்ந்தது.

இக்குறை நீங்க, 2014-இல் வேறொரு கோப்பு முறை களஞ்சியத்தின் அடிப்படை முறையாயிற்று. அதில் சங்கிலியின் பெயர் ஓரெழுத்துக்கு மேலும் நீளலாம். ஆய்வாளர் இட்ட எண்ணும், முதலிலிருந்து முறையாக எண்ணிய எண்ணும் தனித்தனியே பதிவாகின்றன.

விஞ்ஞானம் பயில விரும்பும் மாணவர்கள் ஓர் எண்ணைக் கண்டவுடன், அது எந்தச் சங்கிலிக்குரியது, எங்கிருந்து எண்ணப்பட்டது என்னும் இரு வினாக்களையும் கேட்டுப் பழகுவார்களாக.