மேண்டிலும் பிளாட்டினமும்

ஜாசின் வட்டாரத் தோட்டங்களுக்கு மின்சாரம் வருமுன், மாரியம்மன் திருவிழாவுக்கும் கலியாணப் பந்தலுக்கும் ஒளி தந்தது காஸ் விளக்கு. அதனுள் தொங்கிய மேண்டில், துணி எரிந்தபின் எஞ்சும் உலோக ஆக்சைடுகளின் கூடேயாகும். ஆஸ்திரிய அறிஞர் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1891இல் கண்ட கலவையில் தோரியம் ஆக்சைடு 99 பங்கு. சீரியம் ஆக்சைடு 1 பங்கு. தோரியம் ஆக்சைடு தனித்து நின்றால் ஒளி மங்கும். சீரியம் மிகுந்தாலும் மங்கும். கறிக்கு உப்பு அமைவது போன்றதே இது.

இவ்விரண்டும் கலந்துள்ள மோனசைட்டு மணல் நம் தென்கடற்கரையிலேயே கிடந்தது. திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக்கொண்டு, ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் 1909இல் அதனைக் கண்டறிந்தார் என்பர். இன்று குமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சியில் மணலாலை எழுந்தது. மேண்டிலுக்கு வேண்டியது பெரும்பாலும் தோரியமே. மிஞ்சிய சீரியத்தை இரும்புடன் கலந்து லைட்டருக்குத் தீக்கல் செய்யும் வழியையும் வெல்ஸ்பாக்கே 1903இல் கண்டார்.

சீரியத்தின் முழுத் திறமும் பிளாட்டினத்தோடு சேர்ந்தபோதுதான் புலனாயிற்று. தான் மாறாது பிற பொருள்களின் வினையை விரைவிக்கும் வினையூக்கி பிளாட்டினம். 1823இல் டோபரைனர் பஞ்சுபோன்ற பிளாட்டினத்தின்மீது ஹைட்ரஜனைப் பாய்ச்சவே, அது காற்றில் தானே தீப்பற்றியது. இவ்வுலோகத்தில் வேலை செய்வது மேற்பரப்பு மட்டுமே. கட்டியாக வைத்தால் உள்ளிருக்கும் விலைமிக்க பகுதி வீண். ஆகவே நுண்துளை நிறைந்த அலுமினியம் ஆக்சைடின்மேல் அதனை நுண்துகளாகப் பரப்புவர். எனினும் கடுஞ்சூட்டில் துகள்கள் கூடிப் பருக்கும். பரப்புக் குறைய, வேலையும் குன்றும்.

மோட்டார்ப் புகையைத் தூய்மை செய்யும் கருவிகள் 1975 முதல் அமெரிக்கக் கார்களில் பரவின. முதலில் அவை கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் எரிக்கவே உதவின. பின்னர் ரோடியமும் சேர்த்து, நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சிதைக்க முயன்றபோது இடர்ப்பாடு எழுந்தது. முன்னிரண்டுக்கும் உயிர்வளி கொடுக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடிலிருந்தோ அதனை நீக்க வேண்டும். காரின் புகையில் உயிர்வளி ஒரு கணம் மிகும், மறுகணம் குறையும். இங்கேதான் சீரியம் ஆக்சைடு களஞ்சியமாயிற்று: மிகுந்தபோது ஏற்கும், குறைந்தபோது ஈயும். பிளாட்டினத் துகள்கள் கூடிவிடாமல் பற்றி நிறுத்தவும் அது துணை செய்கிறது. அதுவும் சூட்டில் தளர்வதுண்டு. எனவே 1990களில் சிர்க்கோனியம் ஆக்சைடைக் கலந்து உறுதி செய்தனர். ‘தாங்கி’ என்னும் பெயரைக் கேட்டு இவ்வாக்சைடுகளை வெறும் பாத்திரமென எண்ணுவது பொருந்தாது.

1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு இந்தியப் பெருநகரங்களில் புதிய கார்களுக்கு இக்கருவி கட்டாயமாயிற்று. ஈயம் பிளாட்டினத்தை முடக்கிவிடுமாதலின், ஈயமில்லாப் பெட்ரோலும் அதனுடனேயே வந்தது.