காற்றுக்கு எதிரே நான்கு பல்

உடையார்பாளையம் எங்கள் ஊரின் பெயர், தாலுகாவின் பெயரும் அதுதான். தாலுகா ஆபீஸ் இருப்பதோ ஜெயங்கொண்டத்தில். ஜமீன் இருந்தது எங்கள் ஊர். பட்டா, சிட்டாவுக்கு அலைய வேண்டியது ஜெயங்கொண்டம். ரயிலுக்கு மேற்கே அரியலூர் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து திருச்சி போகும் கார்டு லைன் அந்த வழியாகவே போய்விட்டது. வேண்டியதெல்லாம் பக்கத்து ஊரில் இருந்ததால்தான் இந்தப் பக்கத்தில் சைக்கிள் இவ்வளவு வேரூன்றியது என்பது என் கட்சி. நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். சைக்கிள் அலவன்ஸ் வாங்கியவன் என்கிற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் வந்தவை சீமைச் சைக்கிள்கள்: ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. அவை மிராசுதார் வீட்டுத் திண்ணையில் பூட்டி வைக்கப்பட்டவை. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாரானது. 1956இல் லூதியானாவில் ஹீரோ வந்தது. அதன்பிறகுதான் நெசவாளி வீட்டுக்கும் சைக்கிள் வந்து சேர்ந்தது. முடியாதவர்களுக்கு வாடகைக் கடை இருந்தது. மணிக்கணக்கில் எடுத்து, சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டார்கள். பஞ்சாயத்து வேறு வருஷா வருஷம் வரி வாங்கிக்கொண்டு தகர வில்லை கொடுத்தது.

இந்தச் சைக்கிள்களுக்கெல்லாம் கியர் கிடையாது. உலகத்தில் கியர் இல்லாத காலம் அல்ல அது. நாட்டிங்ஹாமில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி 1900களின் தொடக்கத்திலேயே பின்சக்கர ஹப்புக்குள் மூன்று கியரை அடக்கிவிட்டது. பிரான்ஸைச் சுற்றும் பெரிய பந்தயத்தில் மட்டும், கியர் சோம்பேறிகளுக்கானது என்கிற எண்ணத்தில், செயினைப் பல்லுக்குப் பல் தாவ வைக்கும் கருவியை 1937 வரை அனுமதிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் கியரை ஒதுக்கியதற்கு அப்படிப்பட்ட வீராப்பெல்லாம் காரணமில்லை. கேரியர்தான் காரணம்: சுமை ஏற்றும் வண்டிக்கு உறுதியும் எளிய ரிப்பேரும்தான் முக்கியம்.

ஜெயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல் பக்கமெல்லாம் தறி. நூல் கட்டும் பாவும் சைக்கிளில்தான் போயின. ஆண்டிமடம் பக்கமிருந்து முந்திரிக்கொட்டை மூட்டை. காலையில் இரண்டு பக்கமும் பால் கேன். கடையிலிருந்து வந்த சைக்கிளை யாரும் அப்படியே ஓட்டியதில்லை. கடைக்காரர் கேரியரைக் கனக் கம்பியாக மாற்றுவார், முன்னால் இன்னொரு ஃபோர்க் கம்பி வைத்து இறுக்குவார், சீட்டுக்கடியில் ஸ்பிரிங்கை மாற்றுவார். வருஷத்துக்கொரு முறை ஓவராயில்: பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, கோட்டம் எடுத்துக் கொடுப்பார். ஒரு ஸ்பேனரும் சுத்தியலும் இருந்தால் எந்தப் புளியமரத்தடியிலும் முடிகிற வேலை. பழசை மேம்படுத்துவதா, வேறு வாங்குவதா என்று இப்போது கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு எங்கள் சைக்கிள் கடைகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன.

2001-02இல் தமிழக அரசு பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு எல்லா மாணவிகளுக்கும், மாணவர்களுக்கும் விரிந்தது. அதுவும் கியர் இல்லாததுதான். அதற்குப் பத்து வருஷம் முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்திருந்தது. யாரும் கியர் கேட்கவில்லை.

இப்போது என் பேரன், "தாத்தா, இருபத்தொரு கியர் வண்டி ஒன்னு வாங்கிக்கோங்க" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் பக்கம் மேடு குறைவு, காற்றுதான் மேடு. ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும். காலையில் ஜெயங்கொண்டம் போகும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் கை வைக்கும். தபால் பையோடு அந்தக் காற்றில் இறங்கித் தள்ளாத தபால்காரன் இருந்தால் அவன் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

என் பழைய ஹெர்குலிஸில் கியர் மாட்டலாமா என்று சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன். "அண்ணே, பின் ஃபோர்க்கை அகட்டணும். வீல் மாத்தணும். உங்க பிரேக் கட்டை ரிம்முக்கு உள்பக்கம் பிடிக்கிற கம்பி பிரேக்கு, ரிம் மாறினா அதுவும் போச்சு. செயினும் வேற அகலம். மிச்சம் ஹாண்டில் பார்தான்" என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார்.

முன்னால் 44 பல். பின்னால் ஃப்ரீவீல் 18 பல். 28 இன்ச் சக்கரத்தில் பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் ஐந்தரை மீட்டர் போகும். ஃப்ரீவீலை 22 பல்லாக்கினால் நாலரை மீட்டர்தான் போகும். மிதிப்பது அந்த அளவுக்கு லேசாகும். வேகம் குறையும், முட்டி பிழைக்கும். ஃப்ரீவீலைக் கழற்றிப் புதியதைத் திருகி, செயினில் லிங்க் சேர்த்தால் ஆயிற்று. மற்ற எதையும் தொட வேண்டாம். இதைத்தான் செய்துகொண்டேன்.

தினமும் நெடுந்தூரம் வேகமாகப் போகிறவர்களும், கொல்லிமலை ஏற ஆசைப்படுகிற இளைஞர்களும் கியர் சைக்கிளே வாங்குங்கள், பழசில் ஒட்டுப்போடாதீர்கள். வாங்கும்போது மட்கார்டும் கேரியரும் மாட்ட இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் இரண்டும் வருவதில்லை.