மதிலும் மண்மேடும்: லாகீசும் எருசலேமும், கி.மு. 701

எசேக்கியா அரசனின் நாட்களில் எருசலேம் அசீரியரின் கைக்குத் தப்பிய வரலாறு நம் பிரசங்கபீடங்களில் அடிக்கடி கேட்கப்படுவதாகும். ஓர் இரவில் அசீரியப் பாளயம் அழிந்த செய்தியே (2 இராஜா. 19:35) அங்கு முதலிடம் பெறுகின்றது. ஆனால் அதே வரலாற்றில் மற்றொரு நகரத்தின் பெயரும் வருகின்றது. ரப்சாக்கே எருசலேமின் மதிலருகே நின்று அறைகூவியபோது, அவனை அனுப்பிய சனகெரிப் லாகீசில் இருந்தான் (18:17). தப்பிய நகரத்தை நன்கறிந்த நாம் தப்பாத நகரத்தைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். அக்காலத்து முற்றுகை முறையையும் அரண் அமைப்பையும் இவ்விரு நகரங்களையும் ஒருங்கே வைத்துக் காண்பது, இவ்வேதபகுதியை நாம் வாசிக்கும் முறைக்கே ஒரு திருத்தமாக அமையக்கூடும்.

1. லாகீஸ்: விழுந்த நகரம்

லாகீஸ் எருசலேமுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. யூதாவில் எருசலேமுக்கு அடுத்த அரணான பட்டணமாக அது விளங்கிற்று. அதன் மேட்டுச் சரிவில் ஒரு மதிலும், உச்சியில் கல் அடித்தளத்தின்மீது செங்கற்களாலான பெருமதிலும் இருந்தன. மேட்டைச் சுற்றிலும் பள்ளத்தாக்குகள். தென்மேற்கு மூலையில் மட்டுமே அடுத்த குன்றோடு இணைக்கும் நிலப்பகுதி உண்டு. அசீரியப் பொறியாளர்கள் அம்மூலையையே தெரிந்துகொண்டனர்.

திருமறையில் 'மண்மேடு' எனப்படும் முற்றுகைச் சாய்தளம் அங்கு எழுப்பப்பட்டது. சக்கரங்கள்மேல் நகரும் மதிலிடிக்கும் யந்திரங்களை மதிலின் அருகே ஏற்றுவதே அதன் நோக்கம். லாகீசில் அது கற்குவியலாகவே அமைந்தது. யந்திரங்கள் தடையின்றி ஏறும்படி மேற்பரப்பில் கற்கள் சாந்திட்டு இணைக்கப்பட்டிருந்தன. இதில் ஏறத்தாழ 30 இலட்சம் கற்கள் பயன்பட்டிருக்கும் என 2021-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிடுகின்றது. இத்தனை கற்களையும் சுமந்த கைகள் யாருடையவை? முன்னரே பிடிபட்ட ஊர்களின் மக்களை அசீரியர் இதற்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

1973-இல் டேவிட் உசிஷ்கின் தொடங்கிய அகழ்வாராய்ச்சியில் நகரத்தாரின் எதிர்ப்புப் பணியும் வெளிப்பட்டது. சாய்தளம் வெளியே உயர உயர, உள்ளே இருந்தவர்கள் தங்கள் நகரின் பழைய இடிபாடுகளை வாரிக்கொட்டி, மதிலுக்குப் பின்னே எதிர்மேடு ஒன்றை எழுப்பினர். யந்திரத்தின் முனையைச் சிக்கவைத்து இழுக்கப் பயன்பட்டதாகக் கருதப்படும் இரும்புச் சங்கிலியின் ஒரு துண்டும், நூற்றுக்கணக்கான அம்புமுனைகளும், கவண்கற்களும் கிடைத்தன.

நினிவேயில் சனகெரிபின் அரண்மனைச் சுவரை அலங்கரித்த சிற்பத் தொகுதி இக்காட்சியையே காட்டுகின்றது. இன்று அது இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மதிலின்மீதிருந்து எரியும் பந்தங்கள் விழுகின்றன. யந்திரம் தீப்பற்றாதபடி ஓர் அசீரிய வீரன் நீண்ட அகப்பையால் அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறான். மறுபுறம் மாட்டுவண்டிகளில் மூட்டைகளோடும் பிள்ளைகளோடும் குடும்பங்கள் சிறையிருப்புக்குச் செல்கின்றன. யூதாவில் அரணான 46 நகரங்களைப் பிடித்து 2,00,150 பேரை வெளியேற்றியதாகச் சனகெரிபின் சாசனம் கூறுகின்றது. இவ்வெண் மிகையென்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். ஆயினும் துன்பம் மிகையன்று.

2. எருசலேம்: நின்ற நகரம்

எருசலேமிலோ ஆயத்தம் வேறு வகையில் நடந்தது. நகரத்தின் ஊற்றாகிய கீகோன் மதிலுக்குப் புறம்பே இருந்தமையால், அதன் நீரை நகரின் உட்பக்கம் கொண்டுவரப் பாறையினூடே 533 மீட்டர் நீளமான சுரங்கக் கால்வாய் வெட்டப்பட்டது. இதனை எசேக்கியாவின் பணியாகவே (2 இராஜா. 20:20, 2 நாளா. 32:30) அறிஞர் பெரும்பாலோர் கொள்வர். தொழிலாளர் இரு முனைகளிலிருந்தும் குடைந்து நடுவே சந்தித்தனர். 1880-இல் கண்டெடுக்கப்பட்ட சீலோவாம் கல்வெட்டு அச்சந்திப்பை விவரிக்கின்றது. அதில் அரசனின் பெயர் இல்லை. பாறைக்கு அப்பாலிருந்து ஒருவரையொருவர் அழைத்த வேலையாட்களின் குரலே அதில் பதிவாகியுள்ளது.

மேற்குக் குன்றின்மேல் சுமார் 7 மீட்டர் தடிப்புள்ள மதிலொன்றும் கட்டப்பட்டது. 1969-இல் தொடங்கிய அகழ்வாராய்ச்சியில் நஹ்மான் அவிகாத் இதன் ஏறத்தாழ 65 மீட்டர் நீளத்தை வெளிப்படுத்தினார். அம்மதில் வெற்று நிலத்தில் கட்டப்படவில்லை. அதன் பாதையில் இருந்த வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின்மேல் அது எழுந்துள்ளது.

3. தீர்க்கதரிசிகளின் சாட்சி

இங்கே ஏசாயா 22:8-11 புதிய பொருள் பெறுகின்றது. ஆயுதசாலையை நோக்கியதையும், குளத்து நீரைத் தேக்கியதையும், எருசலேமின் வீடுகளை எண்ணி மதிலுக்காக அவற்றை இடித்ததையும் தீர்க்கதரிசி ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைச் செய்தவர்கள் கர்த்தரை நோக்கவில்லை என்று முடிக்கிறார். மதில் கட்டுவது பாவம் என்பதன்று அவருடைய கூற்று. எண்ணத் தெரிந்தவர்களுக்கு நோக்கத் தெரியவில்லை என்பதே குற்றச்சாட்டு. வீடுகள் கணக்கில் வந்தன. கர்த்தரோ நினைவில் வரவில்லை.

ஏசாயா தலைநகரில் பேசியவர். அவர் காலத்தவராகிய மீகாவோ லாகீசுக்கு அண்மையிலிருந்த மொரேசா ஊரார். லாகீசைப் பெயர் சொல்லி அழைத்தவர் (1:13), சீயோன் இரத்தத்தால் கட்டப்படுகின்றது என்றும் துணிந்து கூறினார் (3:10). மதிலுக்குள்ளிருந்து நோக்குபவருக்கு அரணாகத் தோன்றுவது, மதிலுக்குப் புறம்பே நிற்பவருக்கு எவ்வாறு தோன்றும் என்பதை அவர் சொல் உணர்த்துகின்றது. முற்றுகையின்போதும் கனிதரும் மரங்களை வெட்டலாகாது என்னும் நியாயப்பிரமாணக் கட்டளையும் (உபா. 20:19, 20) இங்கு நினைக்கத்தக்கது. போரின் அவசரமும் எல்லாவற்றையும் அனுமதித்துவிடுவதில்லை.

முடிவுரை

எருசலேம் விழவில்லை என்பது உண்மை. ஆனால் எசேக்கியா ஆலயக் கதவுகளின் பொன்னையும் கழற்றிக் கப்பமாகச் செலுத்தினான் (2 இராஜா. 18:14-16) என்பதும், நாட்டுப்புற யூதா பாழாயிற்று என்பதும் உண்மையே. ஆகவே இப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது, விடுதலையைக் கொண்டாடுவதோடு நின்றுவிடலாகாது. தப்பினவர்களின் துதியில், தப்பாதவர்களுக்காகப் புலம்பும் குரலும் சேரவேண்டும். எந்தப் பாதுகாப்புக்கும், எந்தப் பெரும்பணிக்கும் திட்டமிடுகையில் யாருடைய வீடு இடிபடுகின்றது, யார் மதிலுக்குப் புறம்பே விடப்படுகின்றார் என்னும் கேள்வியைத் திருச்சபை கேட்டே ஆகவேண்டும். ஏசாயாவும் மீகாவும் அக்கேள்வியை நம்மிடம் ஒப்புவித்துச் சென்றுள்ளனர்.