அடைக்கோழியும் பத்து வெள்ளியும்

ஜித்ராவில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கம்பத்துக் கோழி அடையில் உட்கார்ந்தது. பாட்டிதான் பழைய கூடையில் வைக்கோல் பரப்பிப் பதினொரு முட்டை வைத்தார். ஓரத்தில் ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு. இடி இடிச்சா முட்டை கெட்டுப் போகாதாம். எஞ்சினியரிங் படித்த நான் சிரித்தேன்.

ஆனால் தினமும் போய்ப் பார்த்தேன். முட்டைக்கு வேண்டியது ஏறக்குறைய 37.5 டிகிரி சூடு, 21 நாள். தொழிற்சாலையில் இந்த வேலைக்கு சென்சார், மோட்டார், அலாரம் எல்லாம் வைப்போம். கோழியோ வயிற்று இறகு உதிர்ந்த வெறும் தோலை முட்டைமேல் அழுத்தி உட்கார்ந்திருந்தது. அலகால் முட்டைகளைப் புரட்டியது. நாளுக்கு ஒருமுறை இறங்கி அவசரமாகத் தின்றுவிட்டு ஓடி வந்தது. கிட்டப் போனால் இறகைச் சிலுப்பிக் கேறியது.

அடையில் இருக்கும் கோழி முட்டையிடாது. வியாபாரத்துக்கு அது நஷ்டம். எகிப்தியர்கள் பழங்காலத்திலேயே சூளை போன்ற கட்டடங்களில் குஞ்சு பொரித்தார்கள். 1879-இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் அடைகாக்கும் எந்திரம் செய்தார். எந்திரம் பரவியபின் அடைக்கு உட்காராத கோழிகளையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். இன்றைய பண்ணை லெகார்ன் பெரும்பாலும் அடை மறந்த கோழி.

இதைச் சொன்னதும் பாட்டி கேட்டார்: "அப்ப அதுக்குன்னு என்னதான் இருக்கு?"

பாட்டி கெடா தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மரம் கம்பெனியுடையது, லயமும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். கோழிதான் சொந்தம். 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்தார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கள் கெடாவில்தான், புக்கிட் சிடிம்.

அந்தப் பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது என்று பாட்டியிடம் கேட்டேன்.

"சம்பளத்துல மிச்சம் ஏது? முட்டை வித்தேன், சேவல் வித்தேன். அடைக்கோழிய மட்டும் விக்கல. அத வித்தா அடுத்த மாசம் என்னத்தக் கட்டுறது?"

முதலீடு என்ற சொல்லைப் பாட்டி ஒருநாளும் உச்சரித்ததில்லை. சங்கத்தின் கதையைச் சொல்பவர்கள் தலைவர்களையும் ஏக்கர்களையும் சொல்கிறார்கள். லயத்துக் கொல்லையில் உட்கார்ந்திருந்த கோழியை யாரும் சொல்வதில்லை.

இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தன. இரண்டு கூமுட்டை. கோழி அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டு மண்ணைக் கிளறப் போய்விட்டது. நான் கூடையைக் கொட்டிக் கழுவினேன். துருப்பிடித்த ஆணியைத் தூக்கி எறியப் போனேன்.

"வைடா, அடுத்த அடைக்கு வேணும்," என்றார் பாட்டி.

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.